குழாயில் தண்ணீர் வரும் நேரம்

பயிற்சி ஐந்து நாள் நடந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் அறிவியல் ஆசிரியர்களை உட்கார வைத்து, செயல்திட்டம் வழியாகப் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எங்கள் குழு கட்டியதுதான் உயரம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பதினேழு வருடமாக வகுப்பில் நின்று பேசிக்கொண்டே இருந்த எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கடைசி நாள் பயிற்சி கொடுத்த இளைஞர், "இதுல கஷ்டமே இல்லை மேடம். நல்ல கேள்வியா ஒண்ணு பிள்ளைங்க கையில குடுத்துருங்க. மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க" என்றார்.

அவர் சொன்னதை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

எங்கள் பள்ளிக்கூடம் திருச்சுழியைத் தாண்டி வீரசோழன் போகிற பாதையில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, சீமைக் கருவேலம் அடர்ந்த கண்மாய்க் கரையோரமாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பயிற்சியில் கொடுத்த கையேட்டில் முதல் தலைப்பாக மழைநீர் சேகரிப்பு இருந்தது. வானம் பார்த்த பூமிக்கு அதைவிடப் பொருத்தமானது எது என்று நினைத்து, குழு பிரித்து, ஒரு வாரம் நேரம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஆறு தெர்மோகோல் வீடுகள் வந்தன. அதில் நான்கு அச்சு அசலாக ஒன்றே. அதே பச்சைத் தாள், அதே பிளாஸ்டிக் மரம், கூரையிலிருந்து இறங்கும் அதே நீலக் குழாய். அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் எட்டாம் வகுப்பு புராஜெக்ட் என்று சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்களாம். ஒரு வீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேறொரு பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதி அடித்திருந்தது. அதைக் கொண்டுவந்த பையனிடம் கேட்டேன்.

"இந்தக் குழாய் எங்கேயிருந்து எங்கே போகுது?"

அவன் குனிந்து குழாயைப் பார்த்தான். "அது ஒட்டித்தான் வந்துச்சு டீச்சர்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தலைமையாசிரியருக்கு அந்த வீடுகள் ரொம்பப் பிடித்துப்போயின. தன் அறை மேசையில் ஆறையும் வரிசையாக வைத்து, என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டார். "பயிற்சிக்குப் போயிட்டு வந்து உடனே செஞ்சு காட்டுனது நீங்க ஒருத்தர்தான் டீச்சர்" என்றார். அவர் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கமிருந்தும் வம்பு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

வேறு கேள்வி தேட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் தேடாமலேயே ஒன்று வந்தது. முதல் பாட வேளையில் பாதிப் பிள்ளைகள் தாமதமாகத்தான் வருவார்கள். கேட்டால், "தண்ணி வந்துச்சு டீச்சர்" என்பார்கள். ஒருநாள் கோபத்தில், "தண்ணி தினமும் ஒரே நேரத்துக்குத்தானே வரும்? முன்னாலேயே பிடிச்சு வச்சிட்டு வர வேண்டியதுதானே?" என்று கத்திவிட்டேன். உடனே வகுப்புக்குள் சண்டை கிளம்பியது. ஆறு மணிக்கு வரும் என்றான் ஒருவன். ஏலே, எந்த ஊர்ல, எங்க தெருவுக்கு எட்டரை ஆகும் என்றான் இன்னொருவன். கடைசித் தெருப் பெண் ஒருத்தி, "எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் டீச்சர், அதுவும் நூல் மாதிரி" என்றாள். ஒரே ஊர், ஒரே தண்ணீர்த் தொட்டி. பத்து நிமிடம் சண்டை போட்டும் ஒத்த முடிவு வரவில்லை.

நான் கரும்பலகையில் எழுதினேன்: நம் ஊரில் எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது?

மூன்று வாரம் எழுதிப் பார்ப்பது என்று முடிவானது. தெருவுக்கு ஒரு குழு. குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிறைய ஆன நேரம். நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மனதுக்குள் செய்தித்தாள் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது.

முதல் வார நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஒரு குழுவின் ஏழு நாளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. ஏழு நாளும் ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்கு நின்றிருந்தது. இன்னொரு குழு அதைப் பார்த்து எழுதி, வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக ஐந்து நிமிடம் கூட்டியிருந்தது. மூன்றாவது குழுவில் வரப்போகிற வியாழனுக்கும் வெள்ளிக்கும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

அன்று நான் கத்தியது பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் எழுந்து வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. பொய் எழுதுவதற்கு எதற்கு நோட்டு, எதற்குப் பேனா என்றெல்லாம் கேட்டேன். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். வரப்போகிற நாளுக்கும் எழுதிய பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க எழுதிட்டு வரச் சொன்னீக டீச்சர். எழுதிட்டு வந்தோம்."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. எட்டு வருடமாகக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறோம், அவன் நிரப்பிவிட்டான். அந்த ஐந்து நாள் பயிற்சி எப்படி இருந்தது என்று செல்போனில் வந்த படிவத்தை, பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று நானே அழுத்தி அனுப்பியது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் கத்த முடியவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு ஆள் ஒரு குழாய் மட்டும். பார்த்தால் எழுது, பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்று எழுது. "தண்ணியே வரலைன்னா என்னத்தை எழுத? எழுத ஒண்ணும் இல்லையே" என்று கேட்டாள் கடைசித் தெருப் பெண். வரவில்லை என்று எழுது, அதுதான் ரொம்ப முக்கியம் என்றேன். இதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு முழுப் பாட வேளை போனது. இதற்கிடையில் காலாண்டுத் தேர்வு வந்தது. மற்ற பாடங்களைவிட அறிவியலில் மதிப்பெண் குறைந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பாடம் எதுல நிக்குது டீச்சர்?" என்றார். இரண்டு பாடம் பின்னால் நின்றது. அவர் கேட்டதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மத்தியான இடைவேளையில் விட்ட பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் சாப்பிட்ட தூக்கத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இரண்டாவது தடவை எழுதியது உண்மையாக இருந்தது. பார்த்தாலே தெரிந்தது. கிறுக்கல், ஈரம் பட்டு ஊறிய மை, நடுவில் "அம்மா திட்டுனாங்க, பார்க்கல" என்று ஒரு வரி. பொய்க்கு இவ்வளவு அழுக்கு இருக்காது.

அதையெல்லாம் ஒரே அட்டையில் கொண்டுவரும் வேலையை ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். வகுப்பிலேயே கையெழுத்து நன்றாக இருப்பவள். அதிகம் பேச மாட்டாள், எடுத்த வேலையை விட மாட்டாள். மூன்று நாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, தெருவுக்கு ஒரு நிறம் கொடுத்து, நிமிடத்துக்கு இவ்வளவு உயரம் என்று கோல் வைத்து வரைந்தாள். கோவில் தெருக் கோடு அட்டையின் உச்சிக்குப் போனது. கடைசித் தெருக் கோடு அவள் சுண்டுவிரல் அளவு. வரைந்து முடித்துவிட்டு, "இம்புட்டு வித்தியாசமா டீச்சர்?" என்று அவளே கேட்டாள்.

அவளுடைய அப்பாதான் ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுகிறவர். அது எனக்குத் தெரியும். வகுப்புக்கே தெரியும். தெரிந்திருந்தும், அந்த அட்டையை அவள் கையில் கொடுக்கும்போது அது என் மூளையில் உறைக்கவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தன்று அட்டையை வராந்தாச் சுவரில் மாட்டினேன். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அன்று நின்று பார்த்தார்கள். கடைசித் தெரு அம்மா ஒருவர் விரலால் கோட்டைத் தொட்டு, "நாங்க சொன்னா நம்ப மாட்டாக. பிள்ளைக எழுதியிருக்குல்ல" என்றார். கோவில் தெருவிலிருந்து வந்தவர், "உங்க வீட்டுக்கு ரெண்டு குடம்தான் வருதுன்னா அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார். பேச்சு தடித்தது. தலைமையாசிரியர் இடையில் வந்து எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். நான் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிள்ளைகளின் வேலையைப் பற்றி ஊர் பேசுகிறது என்று நினைத்தேன்.

யாரோ அட்டையைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "நம்ம தண்ணி எங்க போகுதுன்னு நம்ம பிள்ளைகளே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று மேலே ஒரு வரி. அந்தக் குழுவில் துபாயிலும் சவுதியிலும் வேலை பார்க்கிற ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அங்கேயிருந்து வரிசையாகக் குரல் பதிவுகள் வந்தன. எங்க வீட்டுப் பொம்பளைக குடத்தைத் தூக்கிட்டு அலையுறாக, திறந்து விடுறவன் யாருக்கு வேண்டி அடைக்கிறான், அவனை மாத்துங்க என்று. இரண்டு நாள் இது ஓடியது. எனக்குத் தெரியாது. நான் அந்தக் குழுவில் இல்லை.

திங்கட்கிழமை அட்டை வரைந்த பெண் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. சுவரில் அட்டையும் இல்லை. பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்டேன்.

"அவுக அப்பாவைத் தண்ணி திருடன்னு பசங்க சொன்னாய்ங்க டீச்சர். அதான் வர மாட்டேன்னு இருக்கா."

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அட்டை சுருட்டி பீரோ மேல் இருந்தது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். "ஊராட்சியில இருந்து ரெண்டு பேர் வந்துட்டுப் போனாக. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறீகளா, பஞ்சாயத்து நடத்துறீகளான்னு கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

"பிள்ளைங்க பார்த்ததைத்தான் சார் எழுதியிருக்காங்க. பொய் ஒண்ணும் இல்லையே."

"பொய்யா இருந்தா பரவாயில்லையே டீச்சர். அந்த தெர்மோகோல் வீடு மாதிரி ஏதாவது செஞ்சிட்டுப் போக வேண்டியதுதானே."

அட்டையை பீரோ மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டுத் தொட்டிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா வால்வுக் குழிக்குள் இறங்கி நின்று ஸ்பேனரால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே வந்து துண்டால் கையைத் துடைத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பிள்ளையை நாளையில இருந்து அனுப்புறேன் டீச்சர். காய்ச்சல்னு எழுதிக்கோங்க" என்றார்.

"அதுக்கு வரலைங்க. நடந்ததுக்கு நான்தான் காரணம். அதைச் சொல்ல வந்தேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "மூணு வாரம் எழுதியிருக்கீக. என் மகளும்தான் எழுதியிருக்கா. எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்கு நிக்குதுன்னு எல்லாம் சரியா இருக்கு. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா திறந்து விடுற ஆளு நான் ஒருத்தன் இங்கனதானே இருக்கேன்? ஏன் இப்பிடி வருதுன்னு ஒரு பிள்ளை எங்கிட்ட வந்து கேட்டுச்சா? நீங்க கேக்கச் சொன்னீகளா?"

நான் சொல்லவில்லை. கேள்வியில் எந்த, எத்தனை, எவ்வளவு மூன்றும் இருந்தன. 'ஏன்' மட்டும் இல்லை. அறிவியல் ஆசிரியை நான்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கோவில் தெரு பள்ளத்தில் இருக்கிறது. வால்வைப் பாதி திறந்தாலே தண்ணீர் பாயும். கடைசித் தெரு மேட்டில், குழாய் போட்ட பிறகு வந்த வீடுகள். அதற்குத் தனி லைன் கிடையாது. பழைய லைனின் நுனியில் ஒரு சின்னக் குழாயை ஒட்டி நீட்டியிருக்கிறார்கள். தொட்டி நிறைந்திருந்தால்தான் மேடு ஏறும். தொட்டி நிறைய வேண்டுமென்றால் மோட்டார் முழுதாக ஓட வேண்டும். மின்சாரம் குறைந்தால் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். "அவுகளுக்குன்னு கூடக் கொஞ்ச நேரம் திறந்துதான் வைக்கிறேன். காத்துதான் போகுது" என்றார்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அழுத்தம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் காட்டி நடத்துவேன். அந்தப் பாடம் முழுக்க அந்தத் தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தது.

பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார் தலைமையாசிரியர். மூன்று முறை கேட்டேன். கடைசியில், அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள், ஒரு பாட வேளை மட்டும் என்று இறங்கி வந்தார். பலமுறை சொன்ன பிறகு அந்த மனிதர் ஒருநாள் மத்தியானம் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். சுண்ணக்கட்டியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, தொட்டி, மேடு, பள்ளம், வால்வு என்று வரைந்தார். மகள் கடைசி வரிசையில் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். வரப்போகிற நாளுக்கும் எழுதிய அந்தப் பையன், "அப்ப மேட்டுக்குத் தனியா ஒரு லைன் போட்டா சரியாயிருமா?" என்று கேட்டான். "அதைத்தான்யா நானும் ரொம்ப வருசமாச் சொல்றேன்" என்றார் அவர். அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்தது அந்த இருபது நிமிடம்தான். இன்னும் நான்கைந்து கைகள் உயர்ந்திருந்தபோது மணி அடித்துவிட்டது. அடுத்தது கணக்கு.

பிள்ளைகள் சேர்ந்து ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். நான் திருத்தவில்லை, எழுத்துப் பிழைகளோடு நன்றாகவே இருந்தது. தனி லைன் வேண்டும், காரணம் இது, நாங்கள் எழுதிய நேரங்கள் இவை என்று. தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்குக. ஆனா பள்ளிக்கூடத்துப் பேர்ல போகக் கூடாது டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார். மனு என்ன ஆனது என்று பிள்ளைகள் ஒரு வாரம் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்பதை நிறுத்தியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தை மாதத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். தெர்மோகோல் வீடுகளைத் தூசி தட்டி மறுபடி மேசையில் அடுக்கியிருந்தார்கள். அவர் ஒன்றைக் கையில் எடுத்து, "கிராமத்துப் பிள்ளைங்ககிட்ட எவ்வளவு திறமை பாருங்க" என்று பாராட்டினார். தண்ணீர் நேரத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பார்வைக் குறிப்பேட்டில் செயல்திட்ட வழிக் கற்றல் சிறப்பாக நடைபெறுகிறது என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், வால்வு திறந்து விடுகிற அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"அந்த அட்டையை எடுத்துக்கிடலாமா டீச்சர்?"

எதற்கு என்று கேட்டேன்.

"வாயால சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். கையில ஒரு தாள் இருந்தா கொஞ்சம் கேப்பாகன்னு நெனைக்கிறேன். அந்த மனுவும் இருந்தாக் குடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரை மடிச்சு மறைச்சுக்கிடுறேன்."

கொடுத்தேன். சைக்கிளின் பின்னால் அட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். விடுமுறை முடிந்து வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்துக் கேட்டேன். "வாங்கி வச்சுக்கிட்டாக டீச்சர். பாப்போம்" என்றார். இதை எழுதுகிற இன்று வரை தனி லைன் வரவில்லை.

அவர் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் குறை ஒன்றுமில்லை. வேறு ஆசிரியர் அவளுக்கு அறிவியல் எடுக்கிறார். போன மாதம் அறிவியல் கண்காட்சிக்குப் படம் வரைய ஆள் தேடியபோது எல்லோரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு வரைய வராது டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சரிம்மா, போ என்றேன். அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.